மருந்துக் கொம்பு: ஒரு பழம்பொருளின் மறுவடிவம்

துப்பாக்கிக்குரிய கருமருந்தை ஈரம் படாமலும் தீப்பொறி அண்டாமலும் தோளில் தொங்கவிட்டுக் கொண்டுசெல்வதற்காக மாட்டுக் கொம்பைக் குடைந்து செய்யப்பட்ட கலமே மருந்துக் கொம்பு ஆகும். வெடியுப்பு ஏறத்தாழ 75 பங்கும் மரக்கரி 15 பங்கும் கந்தகம் 10 பங்கும் சேர்ந்த அக்கலவையைத் தமிழில் ‘மருந்து’ என்றே சுருக்கமாகச் சொல்வதுண்டு. இரும்புக் கலம் உரசினால் பொறி பறக்கும், மண்கலம் விழுந்தால் உடையும், தோல்பை மழையில் ஊறும். இக்குறைகள் இல்லாத கொம்போ எடையும் குறைந்தது, உள்ளே இயல்பாகவே குழிந்தும் இருப்பது.

வட அமெரிக்க எல்லைப்புறங்களில் 1754 முதல் 1763 வரை ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் பொருதிய காலத்தில், அங்கிருந்த வீரர்கள் தத்தம் கொம்பின்மேல் பெயரையும் ஆண்டையும், சிலர் ஆறுகளும் கோட்டைகளும் அடங்கிய நிலப்படத்தையும்கூட ஊசிமுனையால் கீறி வைத்தனர். அவ்விரு வல்லரசுகளும் அதே காலத்தில் தமிழ்நாட்டின் முகையூர் வட்டாரத்தைச் சுற்றியும் மோதிக்கொண்டன. வடக்கே, பிரெஞ்சுக்காரர் 1750இல் கைப்பற்றி 1761 வரை காத்துநின்ற செஞ்சிக் கோட்டையும், தென்மேற்கே தியாகதுருகமும், வடகிழக்கே 1760 ஜனவரி 22 அன்று ஆங்கிலேயத் தளபதி ஐர் கூட்டின் படை பிரெஞ்சுத் தளபதி லாலியின் படையை முறியடித்த வந்தவாசியும் அப்போரின் களங்களே. வந்தவாசியில் பிரெஞ்சுக் காவலரணில் நின்ற மருந்து வண்டி ஒன்று பீரங்கிக் குண்டு பட்டு வெடித்ததும் அப்பகுதி அணி குலைந்து போனது. ஆங்கிலேயர் அமெரிக்காவிலும் இங்கும் சுட்ட மருந்தின் வெடியுப்பில் பெரும்பங்கு பீகார் மண்ணிலிருந்து காய்ச்சி எடுக்கப்பட்டது என்பதையும் இங்கே சேர்த்து எண்ணிப் பார்க்க வேண்டும்.

இந்தியாவில் இக்கலம் பல உருவங்கள் எடுத்தது. எருமைக் கொம்பு, வெளிமான் கொம்பு, மரம், தோல், கடற்சங்கு ஆகியவற்றில் செய்தவையும், முகலாயர் காலத்தில் தந்தத்தில் விலங்குருவங்கள் செதுக்கியவையும் அருங்காட்சியகங்களில் உள்ளன. இவற்றுள் மிகச் சிறியவை, துப்பாக்கியின் பற்றுவாயில் இடும் நுண்மருந்துக்கு உரியவை. குழலில் இடும் மருந்துக்கான கலம் பெரியது. பெரிய கலத்திலிருந்தும் மருந்தை நேரே குழலில் கொட்டுவது ஆபத்து. முந்தைய வெடிப்பின் கனல் குழலுக்குள் எஞ்சியிருந்தால் கலம் முழுவதும் வெடித்துவிடும் என்பதால், சிறு அளவைக் குப்பியில் ஊற்றி அளந்து, அதன் பிறகே குழலில் இட்டனர்.

பழைய கொம்பு ஒன்றை முன்வைத்து அதேபோல் செய்யும்போதுதான், கண்ணுக்குத் தெரியாத பழந்திறன் கைக்குத் தெரியவருகிறது. கொம்பின் மேலுறை நகத்தில் உள்ள அதே கெரட்டின் என்னும் புரதத்தால் ஆனது. அதனுள் இருக்கும் எலும்புத் தண்டு ஊறவைத்தால் அல்லது கொதிக்கவைத்தால் கழன்று வரும். அத்தண்டு நுனிவரை நீளாததால் நுனி கெட்டியாகவே இருக்கும். வளைத்த கம்பியை உள்ளே விட்டுக் குழிவு எங்கே முடிகிறது என்று அளந்து, வெளியே குறியிட்டு, நுனியை அறுத்து, அங்கிருந்து குழிவைத் தொடும்படி துளையிட வேண்டும். துளை சற்றே சாய்ந்தாலும் பக்கச் சுவரைப் பொத்துக்கொண்டு வெளியேறி, அதுவரை செய்த வேலை முழுவதும் வீணாகும். சூட்டில் கொம்பு இளகும் ஆதலால், அகன்ற அடிப்புறத்தைக் கொதிநீரில் வைத்து, கூம்பிய உருளைக் கட்டையை உள்ளே செருகி ஆறவிட்டால் கோணலான வாய் வட்டமாகி நிற்கும். பின்னர் அரத்தாலும் உடைந்த கண்ணாடிச் சில்லாலும் மெல்லிதாகச் சுரண்ட வேண்டும். வெளிர்நிறக் கொம்பாயின், வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளிருக்கும் மருந்தின் மட்டம் நிழலாகத் தெரியுமளவுக்கு அது மெலிந்துவிடும். அடிப்புறத்தை உலர்ந்த மரத்தட்டால் மூடி, மர ஆணிகள் அறைந்து, இடுக்குகளில் தேன்மெழுகு பூசி, நுனிக்கு மரத்தக்கை செருகினால் கலம் நீர்புகாததாகும்.

மூலக் கொம்பின் பழுதுகளும் படிக்கத்தக்கவை. தோள்வார் உராய்ந்த தேய்மானம், அதை எந்தப் பக்கத்தில் அணிந்தனர் என்பதைக் காட்டலாம்; அடுக்கடுக்காகப் பிரிந்த விளிம்பு, வெயிலிலும் ஈரத்திலும் மாறிமாறிக் கிடந்ததன் விளைவாக இருக்கலாம். இவற்றை அழிக்காமல் அளந்து வரைந்துகொள்வதற்காகவே மூலத்தைத் தொடாமல் மறுவடிவம் செய்வது சிறந்தது.

மறுவடிவத்துக்கு வீட்டு மாட்டின் அல்லது எருமையின் கொம்பே உரியது. வெளிமான் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் காக்கப்படுவதால் அதன் கொம்பை வாங்குவதும் விற்பதும் குற்றமாகும். ஒடிசாவின் பரலாகெமுண்டியிலும் உத்தரப் பிரதேசத்தின் சம்பலிலும் கொம்புவேலை செய்யும் கைவினைஞர்கள் இன்றும் இருப்பதால், இத்தொழிலின் நுணுக்கங்களை நேரில் கற்கவும் இயலும். செய்து முடித்த கலத்தில் மருந்து நிரப்ப வேண்டியதில்லை. உரிமம் இன்றிக் கருமருந்து தயாரிப்பதும் சட்டப்படி குற்றமே. எனினும் செய்த ஆண்டை அடித்தட்டில் ஆழமாகப் பொறித்துவிடுவது இன்றியமையாதது. ஏனெனில் நன்கு செய்யப்பட்ட போலி, ஒருசில கைகள் மாறியதும் செஞ்சிக் காலத்துப் பொருளாக விலைபேசப்படும்.