ஊதியம் தாய்நாட்டில், வசிப்பிடம் போர்ச்சுகலில்

தாய்நாட்டு நிறுவனத்தின் ஊழியராக நீடித்துக்கொண்டே போர்ச்சுகலில் குடியேற விரும்பும் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலுள்ளோருக்காக, டி8 எனப்படும் தொலைப்பணி விசாவை அந்நாடு 2022 அக்டோபரில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. விண்ணப்பதாரரின் மாத வருமானம் அங்குள்ள குறைந்தபட்ச ஊதியத்தின் நான்கு மடங்காவது, அதாவது 2025ஆம் ஆண்டுக் கணக்கில் 3,480 யூரோவாவது, இருக்க வேண்டும் என்பதோடு, தொலைவிலிருந்து பணிபுரிவதற்கான சான்றையும் அவர் இணைக்க வேண்டும். நான்கு மாதம் செல்லுபடியாகும் இந்த விசா நுழைவதற்கான அனுமதி மட்டுமே. 2023 அக்டோபரில் தொடங்கப்பட்ட ஐமா என்னும் குடிவரவு முகமையிடம் வசிப்பு அனுமதி பெற்ற பின்னரே குடியிருப்பு சட்டப்படி நிலைபெறும். இவற்றினும் கூடுதல் கவனம் பெற வேண்டியது வரி: பன்னிரண்டு மாத காலத்தில் 183 நாள்களுக்கு மேல் தங்குபவர், ஊதியம் எந்த நாட்டு வங்கிக் கணக்கில் சேர்ந்தாலும், போர்ச்சுகலின் வரிவசிப்பாளராக, அதாவது உலகெங்கிலும் ஈட்டும் வருமானத்துக்கு அந்நாட்டில் கணக்குக் காட்டக் கடமைப்பட்டவராக ஆகிவிடுகிறார்.