காதுக்குள் ஒரு வரப்பு

வரப்பு எவ்வளவு உயரமாக இருந்தால் என்ன, அதில் ஒரு நண்டு வளை போதும். கட்டிய தண்ணீர் விடிவதற்குள் பக்கத்து வயலுக்குப் போய்விடும். நம் காதுக்குள்ளும் இரண்டு நீர்களைப் பிரிக்கும் வரப்பு ஒன்று உண்டு. அதில் வளை விழுந்தால் செவித்திறனே போகும்.

உட்காதில் நத்தை ஓடுபோல் இரண்டரைச் சுற்றுச் சுருண்டிருக்கிறது காக்ளியா. நீட்டிப் பிடித்தால் சுமார் 35 மில்லிமீட்டர். அதன் நடு அறையிலுள்ள எண்டோலிம்ஃப் திரவத்தில் பொட்டாசியம் மிகுதி, சோடியம் சொற்பம். மேலும் கீழும் உள்ள அறைகளின் பெரிலிம்ஃப் திரவத்தில் இது தலைகீழ். நடு அறையின் மின்னழுத்தமும் சுமார் 80 மில்லிவோல்ட் கூடுதல். இந்த மின்னழுத்தத்தை 1950களின் தொடக்கத்தில் அளந்து காட்டியவர், ஹங்கேரியில் பிறந்த கேயார்க் வான் பெக்கெஷி. காக்ளியா ஆய்வுக்காக 1961இல் நோபல் பரிசு பெற்றவர்.

ஒலியை உணரும் மயிர்ச்செல்லின் தலை எண்டோலிம்ஃபில்; உடலோ பெரிலிம்ஃபில். ஒலி வந்து நுண்மயிர்கள் சாய்ந்ததும் வாசல் திறக்கிறது, பொட்டாசியம் உள்ளே பாய்கிறது. கேட்டல் தொடங்குவது அந்தப் பாய்ச்சலில்.

ஒரே செல் இரண்டு நீரில் நிற்கிறது என்றால், அதன் கழுத்தைச் சுற்றி ஒழுகாமல் அடைத்திருக்க வேண்டுமே? அடைப்பவை இறுக்கச் சந்திகள். அடுத்தடுத்த செல்களின் சவ்வுகளிலிருந்து நீளும் கிளாடின் புரதங்கள், தையல் போட்டதுபோல் வரிவரியாகக் கோத்துக்கொள்கின்றன. 1998இல் ஜப்பானின் ஷோயிச்சிரோ த்ஸுகிதா குழு இவற்றைக் கண்டுபிடித்து, 'மூடு' என்னும் பொருளுள்ள லத்தீன் சொல்லிலிருந்து பெயர் வைத்தது. மூன்று செல்கள் கூடும் முச்சந்தியில் இந்தத் தையல் மட்டும் போதாது. அங்கே காவலுக்கு ட்ரைசெல்லுலின் என்ற தனிப் புரதம்.

ஒரு தையல் விட்டால் என்ன ஆகும்? காக்ளியாவின் பக்கச் சுவரில் கிளாடின்-11 என்ற வகை இல்லாத எலிகளில் நடு அறையின் மின்னழுத்தம் சரிகிறது, எலி செவிடாகிறது. மயிர்ச்செல்களை ஒட்டியிருக்கும் கிளாடின்-14 இல்லாவிட்டால் கதை வேறு. மின்னழுத்தம் குறைவதில்லை, ஆனாலும் பிறந்த சில வாரங்களில் மயிர்ச்செல்கள் மடிகின்றன. அவற்றின் உடலைச் சூழ்ந்த நீரில் பொட்டாசியம் கசிந்து நஞ்சாகியிருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் ஊகம். இந்தக் கிளாடின்-14இன் மரபணுப் பிழையால் பரம்பரைச் செவிட்டுத்தன்மை வருவதைப் பாகிஸ்தான் குடும்பங்களில் 2001இல் கண்டறிந்தார்கள்.

காதைப் பிளக்கும் சத்தத்தில் மயிர்ச்செல் மடிந்தால் மனிதருக்கு அது மறுபடி முளைப்பதில்லை. ஆனால் அது சாகும்போதே பக்கத்துத் தாங்குசெல்கள் விரிந்து, புதுச் சந்திகள் போட்டு, அந்த இடத்தை மூடிவிடுகின்றன. ஓர் இடத்தில் பயிர் போனாலும் வரப்பு உடைவதில்லை. மிச்சமிருக்கும் செல்களால் நாம் தொடர்ந்து கேட்கிறோம்.