போர் நடுவே பிறந்த நன்றி நாள்

அமெரிக்காவில் நவம்பர் மாதத்தின் நான்காம் வியாழக்கிழமை ‘தேங்க்ஸ்கிவிங்’ எனப்படும் நன்றி நாள். எங்கெங்கோ பிரிந்து வாழும் குடும்பங்கள் ஒன்றுகூடி வான்கோழி விருந்து உண்ணும் நாள் அது. அறுவடைச் செழிப்பைக் கொண்டாடும் விழாவாகத் தெரிந்தாலும், நாடு முழுவதும் ஆண்டுதோறும் அதைக் கொண்டாடும் வழக்கம் தொடங்கியது ஒரு துயர ஆண்டில்தான். சாரா ஜோசஃபா ஹேல் என்ற பத்திரிகை ஆசிரியர் பல ஆண்டுகளாக விடுத்துவந்த கோரிக்கையை ஏற்று, 1863 அக்டோபர் 3 அன்று அதிபர் ஆபிரகாம் லிங்கன் அதற்கான பிரகடனத்தை வெளியிட்டார். அப்போது உள்நாட்டுப் போரின் மூன்றாம் ஆண்டு. மூன்று மாதங்களுக்கு முன்புதான் கெட்டிஸ்பர்க்கில் நடந்த சண்டையில் இருதரப்பிலுமாக ஏறத்தாழ 50,000 பேர் மாண்டார்கள், காயமுற்றார்கள் அல்லது காணாமற்போனார்கள். லிங்கன் தன் மகன் வில்லியைப் பறிகொடுத்து இரண்டு ஆண்டுகள்கூட ஆகவில்லை. இழவு விழுந்த வீட்டில் நன்றியைப் பற்றிப் பேசுவது எந்த வகையில் பொருந்தும்? அழுகையை அடக்கச் சொல்லும் நாகரிகமான வழிதானா அது?

இந்தக் கேள்வியை உளவியல் சோதனைக்கு உட்படுத்தியிருக்கிறது. ராபர்ட் எம்மன்ஸ், மைக்கேல் மெக்கல்லஃப் இருவரும் 2003இல் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் பெரிதும் பேசப்படுவது. அதன் முதல் பகுதியில் மாணவர்கள் மூன்று குழுவாகப் பிரிக்கப்பட்டார்கள். வாரம் ஒருமுறை, பத்து வாரம், ஒரு குழு நன்றிக்குரியவற்றையும், ஒரு குழு எரிச்சலூட்டியவற்றையும், ஒரு குழு வெறும் நிகழ்வுகளையும் எழுதின. நன்றியை எழுதியவர்கள் தம் வாழ்வைக் கூடுதல் நிறைவோடு மதிப்பிட்டார்கள். நம் கேள்விக்கு நெருக்கமானது அந்த ஆய்வின் கடைசிப் பகுதி. நரம்புத்தசை நோயுடன் வாழ்பவர்களில் ஒரு குழுவினர் 21 நாள் நன்றிக்குரியவற்றை எழுதினார்கள். நோய் குணமாகவில்லை, ஆனால் அவர்களுடைய மனநிலை மேம்பட்டது, தூக்கமும் சீரானது. நல்ல உடம்பும் நிறைந்த பையும் இருந்தால்தான் நன்றி சுரக்கும் என்ற எண்ணம் இங்கே அடிபடுகிறது.

துயரமும் நன்றியும் ஒன்றையொன்று விரட்டுபவையா? பார்பரா ஃபிரெட்ரிக்சன் குழுவினர், 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்கு முன்பே தாம் ஆராய்ந்திருந்த கல்லூரி மாணவர்களைத் தாக்குதலுக்குப் பின் மறுபடி அணுகினார்கள். மனம் உடையாமல் தாக்குப்பிடித்தவர்களிடமும் கோபமும் அச்சமும் துக்கமும் இருந்தன. அவற்றுக்கு நடுவே நன்றி, அன்பு, ஆர்வம் போன்ற உணர்வுகளையும் அவர்கள் அறிந்தார்கள். மனச்சோர்வில் விழாமல் அவர்களைத் தாங்கியவை அவையே என்று கணித்தார்கள் ஆய்வாளர்கள். தமிழுக்கு இது வியப்பாக இராது. பழந்தமிழில் ‘நன்றி’ என்பது ஒருவர் செய்த நன்மையையே குறித்தது. அதற்கு எதிரே நாம் செய்ய வேண்டியதைக் குறளின் ‘செய்ந்நன்றி அறிதல்’ அதிகாரத்தின் தலைப்பு ‘அறிதல்’ என்கிறது. மகிழ்ச்சி ஒரு மனநிலை, கட்டளைக்கு வராது. இன்னார் இன்னது செய்தார் என்று அறிவதற்கோ மகிழ்ச்சியாக இருக்க வேண்டிய தேவையே இல்லை. கண்ணீரோடும் அறியலாம்.

மறுப்புகள் உண்டு, வலுவானவையும்கூட. நன்றிப் பயிற்சிகளின் பலன் ஊதிப் பெருக்கப்பட்டிருக்கிறது என்பது ஒன்று. 2021இல் 27 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த கிரெக், சீவன்ஸ் இருவரும், மனச்சோர்வையும் பதற்றத்தையும் இப்பயிற்சிகள் சிறிதளவே குறைக்கின்றன, சிகிச்சைக்கு மாற்றாக இவற்றைப் பரிந்துரைக்க இயலாது என்று முடித்தார்கள். அதை ஏற்கத்தான் வேண்டும்: நன்றி மருந்து இல்லை. மற்றொரு மறுப்பு இன்னும் கூர்மையானது. ‘இருப்பதை நினைத்துத் திருப்திப்படு’ என்ற உபதேசம் அநீதியை மூடும் போர்வையாகலாம். இதே நன்றி நாளை அமெரிக்கப் பூர்வகுடிகள் 1970 முதல் பிளிமத் நகரில் துக்க நாளாகக் கடைப்பிடிக்கிறார்கள். நிலத்தையும் உயிர்களையும் இழந்ததை மறைக்கும் கதைக்கு அவர்கள் நன்றி சொல்ல மாட்டார்கள். நியாயந்தான். ஆனால் இந்த மறுப்பு சாடுவது, இழந்தவரிடம் இன்னொருவர் கேட்டு வாங்கும் நன்றியை. செய்த நன்மையை அறியும் அதே கண், செய்த தீங்கையும் அறியும். ஒன்றைக் காண மற்றதை மூட வேண்டியதில்லை.

அப்படியானால் கெட்ட காலத்துப் பண்டிகையில் நன்றி எங்கே பயன்படும்? சொல்பவரின் மனத்தைத் தேற்றுவதைவிட, கேட்பவரோடு உள்ள உறவைத் தாங்குவதில். அமித் குமார், நிக்கோலஸ் எப்லி 2018இல் வெளியிட்ட ஆய்வுகளில், நன்றிக் கடிதம் எழுதியவர்கள் பெறுபவருக்குக் கூச்சமாக இருக்கும் என்று அளவுக்கு மீறி அஞ்சினார்கள். பெற்றவர்கள் அடைந்த மகிழ்ச்சியோ எழுதியவர்கள் எண்ணியதைவிடக் கூடுதல். தெரிந்ததைத்தானே சொல்லப் போகிறோம் என்று நாம் விழுங்கும் சொல்லுக்குத்தான் எதிரே இருப்பவர் காத்திருக்கிறார். ஆகவே துயர ஆண்டின் விருந்தில், ‘எல்லாம் நன்மைக்கே’ என்று யாரும் சொல்ல வேண்டாம். மருத்துவமனையில் இரவெல்லாம் கூட இருந்தவரிடமும், வாடகைக்குக் கைகொடுத்தவரிடமும், அதைப் பெயர் சொல்லிச் சொன்னால் போதும். லிங்கனின் பிரகடனமும் விளைச்சலோடு நிற்கவில்லை. போரில் கைம்பெண்களானவர்களையும் அநாதைகளானவர்களையும் அதே நாளில் நினைக்கச் சொன்னது. நன்றிக்கென ஒதுக்கிய நாளிலேயே துக்கத்துக்கும் இடம் விட்ட ஏடு அது.