காண்ட்ரா என்ற பெயரை நம்பி வாங்கியவர்கள் ஏன் ஏமாந்தார்கள்?

அருவிக் கட்டத்தில் ஒருவர் கொஞ்சம் வேகமாக ஏறிவிட்டால் கீழே நிற்பவர் செத்தார். காண்ட்ராவை இரண்டு பேராக ஆடியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அது மூன்றாவது கட்டம். திரை மேலே நகர நகர, பின்தங்கியவர் கீழ் விளிம்பில் விழுந்து ஓர் உயிரை இழப்பார். எங்கள் வீட்டில் அண்ணன் வேண்டுமென்றேதான் முந்தி ஏறுவார். அம்மா வந்து மைக்ரோ ஜீனியஸ் பெட்டியின் வயரைப் பிடுங்கும்வரை சண்டை ஓயாது.

தோட்டத்து லயமோ, டவுன் பக்கத் தாமானோ, அந்தக் காலத்துப் பிள்ளைகள் பலருக்கு விடியோ கேம் என்றால் அந்தப் பெட்டிதான். ஜப்பானின் நிண்டெண்டோ ஃபேமிகாமைப் பார்த்துச் செய்த தைவான் நகல் அது. காண்ட்ராவைச் செய்தது ஜப்பானின் கொனாமி நிறுவனம். 1987இல் ஆர்கேட் இயந்திரத்துக்கு வந்தது. 1988இல் வீட்டுப் பெட்டிக்கு வந்தது. பில், லான்ஸ் என்று இரண்டு வீரர்கள். ஓடு, குதி, சுடு. வேறொன்றும் கிடையாது.

அதே பெயரில் 2019 செப்டம்பரில் 'காண்ட்ரா: ரோக் கோர்' என்ற புதிய கேமைக் கொனாமி வெளியிட்டது. பழைய ரசிகர்கள் ஆசையோடு வாங்கினார்கள். விமர்சகர்கள் கிழித்துத் தொங்கவிட்டார்கள். படம் பழையதாகத் தெரிகிறது, கதை சிரிப்பு வரவில்லை என்று பல குறைகள் சொல்லப்பட்டன. என் பார்வையில் அவை இரண்டாம் பட்சம். எந்தச் சட்டத்தின் மேல் காண்ட்ரா நின்றதோ, அந்தச் சட்டத்தையே உருவிவிட்டார்கள்.

அது என்ன சட்டம்? பழைய காண்ட்ராவில் ஒரு தோட்டா பட்டால் போதும், சாவு. கையில் மூன்றே உயிர். கேட்பதற்குக் கொடுமையாக இருக்கும். ஆனால், எதிரிகள் பெரும்பாலும் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில்தான் வருவார்கள். பாலம் அதே இடத்தில்தான் வெடிக்கும். நேற்று செத்த இடம் இன்று மனப்பாடம். செத்தால் குற்றம் நம்முடையது. தாண்டினால் பெருமையும் நம்முடையதே. விசிறிபோல் ஐந்து தோட்டா விரியும் 'எஸ்' துப்பாக்கி கிடைத்துவிட்டால் ராஜா. ஆனால், ஒரு முறை செத்தால் அதுவும் போய்விடும். அதனால்தான் அது கையில் இருக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு ஆடுவோம்.

மொத்தம் எட்டுக் கட்டம். பழகியவர் அரை மணி நேரத்துக்குள் முடித்துவிடுவார். அமெரிக்காவில் விற்ற கார்ட்ரிட்ஜில் கேம் முழுவதும் 128 கிலோபைட்டுக்குள் அடங்கியது. இன்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வரும் 'காலை வணக்கம்' படமே அதைவிடப் பெரிதாக இருக்கலாம். இடம் குறைவு என்பதால் வேண்டாதது எதுவும் உள்ளே போகவில்லை. முடியாதவர்களுக்கு மேல், மேல், கீழ், கீழ், இடம், வலம், இடம், வலம், பி, ஏ என்று அழுத்தினால் 30 உயிர். இந்தக் குறுக்குவழி முதலில் வந்தது கொனாமியின் கிராடியஸ் கேமில்; புகழ் பெற்றது காண்ட்ராவில்.

இப்போது ரோக் கோருக்கு வருவோம். பக்கவாட்டில் ஓடிய கேமை மேலிருந்து பார்ப்பதுபோல் திருப்பிவிட்டார்கள். அதை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. 1988 கேமிலேயே எதிரியின் தளத்துக்குள் நுழையும் கட்டங்களில் முதுகுப் பக்கமிருந்துதான் பார்ப்போம். ஆனால் பக்கவாட்டில் தோட்டா தெளிவாகத் தெரியும், குதித்துத் தப்பலாம். மேலே தொலைவிலிருந்து பார்க்கும்போது, கூட்டமாக வரும் எதிரிகளுக்கு நடுவில் எது எங்கிருந்து வருகிறது என்பதே தெரிவதில்லை. அதனால் ஒரு தோட்டாவுக்கு ஒரு சாவு என்று வைக்க முடியாது. உயிர்ப்பட்டை ஒன்றை வைத்தார்கள். பட்டை வந்ததும் பயம் போய்விட்டது. பத்து அடி வாங்கினாலும் பரவாயில்லை என்று நடுவில் நின்று சுடலாம்.

சுடலாம் என்றேன், அதுவும் முழு உண்மையில்லை. சுட்டுக்கொண்டே இருந்தால் துப்பாக்கி சூடேறிவிடும். ஆறும்வரை அது வேலை செய்யாது. இரண்டு துப்பாக்கி கையில் உண்டு, மாற்றி மாற்றிச் சுடலாம் என்பது சமாதானம். பொத்தானிலிருந்து விரலை எடுக்காமல் சுடுவதற்கென்றே பிறந்த கேமில், துப்பாக்கி ஆறட்டும் என்று ஓடி ஒளிய வைப்பதை என்னவென்று சொல்வது? ரொட்டி சானாய் கடையில் தட்டைக் கொடுத்துவிட்டு, மூன்று வாய்க்கு ஒரு முறை கையைக் கட்டிக்கொண்டு உட்காரச் சொல்வதுபோல் இருக்கிறது.

இதோடு துப்பாக்கிக்குப் பாகம் சேர்ப்பது, ஆட்டக்காரரின் உடலுறுப்புகளை ஆபரேஷன் செய்து மாற்றுவது எனப் பக்க வேலைகள். அவற்றுக்குப் பொருள் சேர்க்க, பார்த்த இடத்துக்கே மறுபடி மறுபடி போக வேண்டும். முன்பு நம் கை தேறியது. இப்போது பட்டியலில் உள்ள எண்தான் ஏறுகிறது. ஒரு விஞ்ஞானியின் மூளையைச் சுமக்கும் பாண்டா கரடிகூட ஆட்டக்காரர்களில் ஒருவர். அது மட்டும் எனக்குப் பிடித்திருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

பெரிய வருத்தம் வேறு. கதைப் பகுதியை நண்பரோடு சேர்ந்து ஆட வேண்டுமென்றால் இணையம் வழியாகத்தான். ஒரே சோபாவில் பக்கத்தில் உட்கார்ந்து ஆட, தனியாக ஒரு சிறு பகுதியை ஒதுக்கியிருந்தார்கள். அண்ணனும் தம்பியும் தோள் உரச ஆடிய கேம் அது. அந்த இடத்தையே மூலைக்குத் தள்ளிவிட்டார்கள்.

செய்தவர்கள் விவரம் தெரியாதவர்களா என்றால், இல்லை. இயக்கியவர் நொபுயா நகஸாட்டோ. 1992இல் வந்த மூன்றாம் காண்ட்ராவையும் 1994இல் வந்த ஹார்ட் கோரையும் செய்தவர் அவரே. இரண்டுமே இன்றும் கொண்டாடப்படுபவை. தயாரித்துக் கொடுத்த டாய்லாஜிக் நிறுவனம் 2021இல் நியர் ரெப்ளிக்கண்டைப் புதுப்பித்துக் கொடுத்து நல்ல பெயர் வாங்கியது. திறமை இருந்தது. எதை விடக்கூடாது என்ற முடிவில்தான் தவறினார்கள். இது முதல் முறையும் அல்ல. 1996இல் ஹங்கேரி நிறுவனம் ஒன்றிடம் கொடுத்துச் செய்த 'லெகசி ஆஃப் வார்' முப்பரிமாணக் கண்ணாடியோடு வந்து கவிழ்ந்தது. 1998இல் அதே நிறுவனம் செய்த அடுத்ததும் தேறவில்லை.

ரோக் கோரை அறிவித்தது 2019 ஜூனில். அதே நாளில் பழைய காண்ட்ராக்கள் பத்தை ஒன்றாகக் கட்டி 'ஆனிவர்சரி கலெக்ஷன்' என்று வெளியிட்டார்கள். விலை 20 அமெரிக்க டாலர். புதியது 40 டாலர். ஒப்பிட்டுப் பார்க்க வழியையும் கொனாமியே செய்து கொடுத்ததுபோல் ஆகிவிட்டது.

பிறகு பாடம் கற்றார்கள் என்றே தோன்றுகிறது. 2024 மார்ச்சில் வந்த 'ஆபரேஷன் கலுகா' முதல் கேமின் கதையையே மறுபடி சொல்கிறது. செய்தது அமெரிக்காவின் வேஃபார்வர்ட் நிறுவனம். 2007இல் நான்காம் காண்ட்ராவைச் செய்தவர்களும் இவர்களே. பக்கவாட்டில்தான் ஓட்டம். கதைப் பகுதியை இரண்டு பேர் ஒரே திரையில் ஆடலாம். சில அடிகள் தாங்கும்படியும் வைத்துக்கொள்ளலாம், பழையபடி ஒரே அடியில் சாவு என்றும் வைத்துக்கொள்ளலாம். புதிதாகத் தொடங்கும் பிள்ளைக்கும் பழகிய அப்பாவுக்கும் இது சரிப்படும்.

எனக்கு இன்னும் அந்தத் தொகுப்புதான். அதில் ஃபேமிகாமின் ஜப்பானியப் பதிப்பும் இருக்கிறது. காட்டுக் கட்டத்தில் மரங்கள் காற்றில் ஆடும், பனிக் கட்டத்தில் பனி பறக்கும். அமெரிக்கப் பதிப்பில் இவை இல்லை. சென்ற தீபாவளிக்கு அண்ணன் வந்தபோது இருவரும் அதைத்தான் போட்டோம். அவருக்கு இப்போது கண்ணாடி, எனக்கு முதுகுவலி. அருவிக் கட்டம் வந்ததும் நான் ஏறுவதற்குள் அவர் மேலே போய்விட்டார்.