ஜெனரேட்டரைத் தெரிந்தெடுக்கும் விதம்

2018-ஆம் வருஷம் நவம்பர் மாதம் 16-ந் தேதி விடியுமுன் நாகப்பட்டினத்துக்கும் வேதாரணியத்துக்கும் நடுவே கரையேறிய கஜாப் புயலைக் காவிரிக் கடைமடையார் எளிதில் மறவார். ஒரு லக்ஷத்துக்கு மேற்பட்ட மின்சாரக் கம்பங்கள் சாய்ந்தன. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்துத் தென்னந்தோப்புகள் வேரோடு படுத்தன. வாரக்கணக்காக விளக்கெரியாத கிராமங்கள் பல. பூமிக்கடியில் நீரிருந்தும் மோட்டார் சுழலாமையால் குடிநீருக்கு ஜனங்கள் தவித்தனர். அக்காலத்தில் வாடகை ஜெனரேட்டர்கள் ஊரூராகக் கொண்டுசெல்லப்பட்டு, மேல்நிலைத் தொட்டிகளை நிரப்பின.

அதனைக் கண்டவர்களுள் தமக்கென ஒரு சிறு ஜெனரேட்டர் வாங்கிவைக்க எண்ணுவோர் உண்டு. நீர் இறைக்கவேண்டும், சித்திரை வெயிலில் மின்சாரம் நின்றால், படுக்கையிலிருக்கும் முதியவர் அறையில் ஏ.ஸி. யந்திரமும் ஓடவேண்டும். இதற்கு எவ்வளவு வலியுள்ள ஜெனரேட்டர் போதும்? வாங்குவோர் பெரும்பாலும் பிழைபடுவது ஒரே இடத்தில்தான். யந்திரம் ஓடும்பொழுது உண்ணும் மின்சாரத்தைக் கணக்கிடுகின்றனர். அது புறப்படும்பொழுது கேட்கும் மின்சாரத்தை மறந்துவிடுகின்றனர்.

சேற்றிலே புதைந்த பாரவண்டியை நினைத்துப் பார்க்க. மேட்டுப்பாதையில் அவ்வண்டியை இழுக்கும் மாடுகளே சேற்றினின்று அதனை முதலில் அசைப்பதற்கு முழங்கால் மடக்கித் தம் முழுவலியையும் செலுத்தவேண்டியிருக்கின்றது. மோட்டாரின் இயல்பும் அதுவே. நிற்கும் மோட்டாருக்கு மின்சாரம் செலுத்தினால், வேகம் பிடிக்கும்வரை அது ஓடும்பொழுது கொள்வதைப்போல் ஐந்து ஆறு மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். ஒரு கணம், அல்லது இரண்டு கணம், அவ்வளவே. அரசாங்க மின்கம்பி அதனைப் பொருட்படுத்தாது. சிறு ஜெனரேட்டரோ அக்கணத்தில் முனகும், வோல்ட் தாழும், மோட்டார் சுழலாது நின்று உறுமும். அங்ஙனம் உறுமும் மோட்டாரின் செப்புச்சுருள் வெகு சீக்கிரத்தில் சுட்டுப்போம்.

ஏ.ஸி. யந்திரத்துக்குள்ளிருக்கும் கம்ப்ரெஸ்ஸரும் ஒரு மோட்டாரே. ஒரு டன் குளிர்ச்சி என்பது மணிக்கு 12,000 பி.டி.யு. வெப்பத்தை வெளியேற்றுவதாம். அதனை வாட்டாகச் சொன்னால் ஏறக்குறைய 3,500. இவ்வளவு மின்சாரம் செலவாகுமோ என்று அஞ்சவேண்டுவதில்லை. யந்திரம் குளிரை உண்டாக்குவதன்று, அறையின் வெப்பத்தை வெளியே சுமந்து தள்ளுவதாகலின், அதற்கு ஏறத்தாழ 1,200 வாட்டே போதும். ஆயினும் பழைய மாதிரி யந்திரமாயின், 1,200 வாட்டை நம்பி 1½ கே.வி.ஏ. ஜெனரேட்டர் வாங்கியவர் ஏமாறுவர். ஒரு டன்னுக்கு 3 கே.வி.ஏ.யும், ஒன்றரை டன்னுக்கு 5 கே.வி.ஏ.யும் வைத்துக்கொள்வது தக்கது. இன்வெர்ட்டர் வகை ஏ.ஸி. யாயின், கம்ப்ரெஸ்ஸர் மெல்லப் புறப்பட்டு வேகம் கொள்ளுகின்றமையால், ஏறக்குறைய பாதி வலியே போதும்.

அமெரிக்காவில் வீட்டுவண்டியிற் குடும்பத்தோடு ஊர்சுற்றுவோர்க்கும் இக்கவலையே. அவ்வண்டிகளின் கூரைமேல் வைக்கும் 13,500 பி.டி.யு. ஏ.ஸி. ஓடுவதற்கு 1,500 வாட்டளவே கொள்ளினும், புறப்படுவதற்கு 3,000 வாட்டளவு கேட்கும். அவர்கள் 'ஸாப்ட் ஸ்டார்ட்டர்' என்னும் சிறு கருவியைக் கம்ப்ரெஸ்ஸரோடு இணைத்து, 2,200 வாட் ஜெனரேட்டரைக்கொண்டே காரியத்தை முடிக்கின்றனர். இன்வெர்ட்டர் ஏ.ஸி. இல்லாத நம் வீடுகளுக்கும் இது நல்ல உபாயம்.

கொல்லையிலுள்ள ஒரு குதிரைசக்தி நீர்மோட்டாருக்கும் 3 கே.வி.ஏ. வேண்டும். அதற்காக 6 கே.வி.ஏ. வாங்குவது வீண்செலவு. தொட்டியை நிரப்பி மோட்டாரை நிறுத்தியபின் ஏ.ஸி.யைப் போட்டால் ஒரு ஜெனரேட்டரே இரண்டுக்கும் போதும். வயலிலுள்ள 5 குதிரைசக்தி மும்முனை மோட்டாருக்கோ இத்தகைய கைஜெனரேட்டர் உதவாது. அது டீஸல் யந்திரத்தின் வேலை.

தகட்டில் இரண்டு எண்கள் இருக்கும். கடைக்காரர் சொல்வது பெரிய எண். அது சில நிமிஷமே தாங்கும் அளவு. நாம் கொள்ளவேண்டியது சிறிய எண். கே.வி.ஏ. என்பது முழுதும் கிலோவாட் ஆகாது என்பதையும் நினைவிற் கொள்க. பெரும்பாலும் அதில் ஐந்தில் நான்கு பங்கே கிடைக்கும். எண்ணெயைப்பற்றி, பத்துக் கன்னிகைகளின் உவமையைப் படித்தவர்க்கு அதிகம் சொல்லவேண்டுவதில்லை: 3 கே.வி.ஏ. பெட்ரோல் ஜெனரேட்டர் பாரம் இழுக்கும்பொழுது மணிக்கு ஒரு லிட்டருக்குக் குறையாமற் குடிக்கும்.

இனிச் சொல்வது உயிரைப்பற்றியது. மழைக்கும் திருடனுக்கும் பயந்து ஜெனரேட்டரைக் கூடத்திலோ திண்ணையிலோ வைப்போர் உண்டு. அதன் புகையிலுள்ள கார்பன் மானாக்ஸைடுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினைப் பிராணவாயுவைக் காட்டிலும் 200 மடங்குக்கு மேலான பற்றோடு அது பற்றிக்கொள்ளும். உறங்குவோர் உறக்கத்திலேயே மாள்வர். ஆகையால் வீட்டுக்கு வெளியே, ஜன்னலுக்கு எட்டத்தில், மேலே மட்டும் மறைப்பிட்டு வைக்கவேண்டும். எட்ட வைப்பதனால் கம்பி நீளும். கம்பி மெல்லியதாயின் வோல்ட் குறையும். 30 மீட்டர் தூரத்தில், மோட்டார் புறப்படும்பொழுது 30 ஆம்பியர் ஓடினால், 1 சதுர மில்லிமீட்டர் கம்பியில் 30 வோல்ட்டுக்குமேல் வழியிலேயே போய்விடும். 2½ சதுர மில்லிமீட்டர் கம்பியாயின் 13 வோல்ட்டே குறையும்.

மற்றொன்று: இருபுறமும் முள்ளுள்ள கம்பியால் ஜெனரேட்டரைச் சுவரிலுள்ள பிளக்கில் சேர்த்து வீடு முழுவதையும் ஒளிரச் செய்யும் வழக்கம் பொல்லாதது. மெயின் சுவிட்சை அணைக்க மறந்தால், அம்மின்சாரம் தெருக்கம்பியிற் பாயும். டிரான்ஸ்பார்மர் வழியே திரும்பி 11,000 வோல்ட்டாகவும் ஏறக்கூடும். கஜாவுக்குப்பின் நம் வயற்சேற்றில் இறங்கிக் கம்பம் நட்ட தொழிலாளரிற் பலர் வெளி மாவட்டங்களினின்று வந்தவர்கள். கம்பியில் உயிரில்லை என்று நம்பிக் கைவைக்கும் அத்தகைய ஒருவரைக் கொல்வதற்கு ஒரு வீட்டின் மறதி போதும். சேஞ்ஓவர் சுவிட்சு ஒன்றை மின்பணியாளரைக்கொண்டு பொருத்திவிட்டால் இரு மின்சாரமும் ஒருகாலும் சேரமாட்டா. ஜெனரேட்டர் வாங்கும் அன்றே அதனையும் வாங்குக.