தாயும் சேயும்

இத்தாலியின் சியனா நகரத்து ஓவியர் தூச்சோ, 1300ஆம் ஆண்டை ஒட்டித் தீட்டிய மரியன்னை படமொன்றை நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகம் 2004இல் வாங்கியது. விலை ஏறத்தாழ நாலரைக் கோடி டாலர் என்றார்கள். படத்தின் உயரமோ சட்டத்துடன் சேர்த்து 28 சென்டிமீட்டர்தான்!

பழைய படங்களில் குழந்தை இயேசு சிறிய பெரியவரைப்போல் விறைப்பாக இருப்பார். இங்கோ குழந்தை கைநீட்டி அன்னையின் முக்காட்டை விலக்குகிறது. அன்னையின் விழிகளில் வரப்போகும் துயரம் தேங்கியிருக்கிறது. மறுமலர்ச்சி ஓவியத்தின் விடியல் இதுவே எனலாம்.

மரப்பலகையில் வெண்பூச்சு, தங்கரேக்கு, முட்டைக் கருவில் குழைத்த வண்ணம் என்பது அவர்கள் முறை. நம் தஞ்சாவூர் ஓவியரும் பலகையில் துணி ஒட்டி, சுண்ணப்பொடிப் பசை பூசி, தங்கரேக்கு பதித்து யசோதையையும் கண்ணனையும் படைத்தார். ஒருவரையொருவர் அறியாதவர்கள் இவர்கள்.

எனக்குப் பெரிதாகப் படுவது தூச்சோ படத்தின் சட்டம். அதன் கீழ்விளிம்பில் மெழுகுவர்த்தி சுட்ட வடுக்கள் உள்ளன. யாரோ அதன்முன் திரியேற்றித் தொழுதிருக்கிறார்கள். அவ்வடுக்கள் இன்றும் அப்படியே இருக்கின்றன. தக்கலையில் எங்கள் ஆச்சியின் பூசையறை யசோதையும் விளக்குப் புகையில் மங்கியிருக்கிறாள். ஈரத்துணியால் துடைத்துப் புதுச்சட்டம் போடலாம் என்கிறார் மாமா. ஆச்சி இசையவில்லை. நான் ஆச்சியின் கட்சி: ஈரம் பட்டால் சுண்ணம் ஊறி ரேக்கு உரியும், கரியோடு, விளக்கேற்றிய கைகளின் சுவடும் போய்விடும். மாமா இன்னும் சட்டத்துக்கு அளவெடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்.