புரையேறுதலும் முதியோரின் நாக்கு வலுவும்

சாப்பிடும்போது புரையேறினால், "ஊரில் ஆரோ நினைக்கினம்" என்று உச்சியில் தட்டுவது நம்மவர் வழக்கம். எப்போதாவது ஏறினால் பாதகமில்லை. எழுபது வயதைத் தாண்டிய ஒருவருக்குத் தேநீர் குடிக்கும்போதும் நாளாந்தம் புரையேறுமாயின், நினைப்பவர் யாரென்று ஆராய்வதை விட்டு அவருடைய நாக்கைக் கவனிக்க வேண்டும்.

நாக்கு பெரும்பாலும் தசையாலான உறுப்பு. மென்ற உணவை மேலண்ணத்தோடு அழுத்தித் தொண்டைக்குள் தள்ளுவது அதுவே. அக்கணத்தில் குரல்வளை மேலெழ, மூச்சுக்குழாயின் வாசல் மூடிக்கொள்ளும். தள்ளும் வலு குறைந்தால் உணவு தொண்டையில் தேங்கி, மூச்சோடு சுவாசப்பைக்குள் இறங்கி நியூமோனியாவை உண்டாக்கலாம். இருமலே வராமல் இறங்குவதும் உண்டு; அதுவே கூடிய ஆபத்து. உணவின் பின் குரல் சளி கட்டியதுபோல் ஒலித்தல், அடிக்கடி காய்ச்சல், காரணமின்றி மெலிதல் ஆகியவற்றை அசட்டை செய்யலாகாது.

முதுமையில் தசை கரைவதற்கு 1989இல் அமெரிக்க வைத்தியர் இர்வின் ரோசன்பர்க் 'சார்கோபீனியா' என்ற பெயரைச் சூட்டினார். நாக்கும் இதற்கு விலக்கல்ல. காற்றடைத்த சிறு குமிழை அண்ணத்தோடு நசுக்கச் சொல்லி நாக்கின் வலுவை அளக்கிறார்கள். 30 கிலோபஸ்காலுக்குக் கீழ்ப்பட்டால் குறைபாடு என்பது 2016இல் யப்பானிய முதியோர் பல்வைத்தியச் சங்கம் வகுத்த அளவு.

மெலிந்தவருக்கு விழுங்கச் சிரமம். சிரமத்தால் உணவு குறையும். குறைய மேலும் மெலிவார். ஆச்சி புட்டை ஒதுக்கினால் மருமகளின் சமையல் பிடிக்கவில்லை என்று வீட்டில் மனக்கசப்பு வேறு! உண்மையில் உதிரிப் புட்டும், நீரும் சோறும் பிரிந்து நிற்கும் கஞ்சியும் வலுவற்ற நாக்குக்கு அடங்காதவை. குழைத்த சோறும் பருப்பும், தயிர், அவித்து மசித்த மீன் ஆகியன இலகு. காலையில் பாணும் தேநீரும், மதியம் சோறும் சொதியும் என்றால் புரதம் எங்கே? 60 கிலோ எடையுள்ள முதியவருக்கு நாளுக்கு 60 தொடக்கம் 72 கிராம் வேண்டும். (சிறுநீரக நோயாளர் வைத்தியரைக் கேட்டே கூட்டலாம்.) எண்பது வயதில் கந்தசஷ்டி ஆறு நாளும் வெறும் நீருடன் இருப்பதும் உகந்ததன்று, கரைந்த தசை அவ்வயதில் இலகுவில் திரும்பாது.

பயிற்சியால் நாக்கு வலுப்பெறும். அமெரிக்காவில் ஜோஆன் ரொபின்ஸ் குழுவினர் 2005இல் வெளியிட்ட ஆய்வில், 70 முதல் 89 வயது வரையான 10 பேர் 8 வாரம் நாக்கால் குமிழை அழுத்திப் பழகி, விழுங்கும் அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டனர். அவர்கள் சுகதேகிகள் என்பதையும் மறக்கலாகாது. நோயுற்றவர் தாமாகத் தொடங்காமல், குடும்ப வைத்தியரின் கடிதத்துடன் ஓர்த்தோபோனிஸ்டிடம் போவதே முறை. செவ்ரானிலேயே ரெனே முயூரே மருத்துவமனையில் முதியோர் வைத்தியம் உண்டு. கூடவே பிள்ளைகளில் ஒருவர் போகவேண்டும். மொழி தெரியாத பெரியவர் எதைக் கேட்டாலும் 'சா வா' என்று சொல்லிவிட்டு வந்துவிடுவார்.

உண்ணும்போது நிமிர்ந்து இருக்கட்டும், தொலைக்காட்சி வேண்டாம், உண்டபின் அரை மணி நேரம் படுக்கலாகாது. விழுங்க முடியாமை திடீரென வந்து வாய் கோணினால், நாக்குழறினால் அது பாரிசவாதமாக இருக்கலாம். உடனே 15ஆம் இலக்கத்தை அழைக்கவும்.